பந்துக்கு உண்டு; பந்திக்கு இல்லையா?

பெருநாள் கழிந்த மறுநாள் அது. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த ஏரியொன்றின் கரையோரம், நீர் வற்றிக் காய்ந்த கட்டாந்தரையில், நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். எதிரணி பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தது. நம் அணியில் பந்து வீச ஆள் போதவில்லை. காலனியிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்து சேர்த்துக் கொண்டார்கள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். இடக்கையால் வீசினான். நான்கு பேரை அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தான். நம் பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டு வந்தார்கள். கரையில் நின்ற நாமும் கை வலிக்கத் தட்டினோம்.

அன்று மாலை வெற்றி பெற்றவர்களுக்கு ஒரு வீட்டில் விருந்து. விருந்தளித்தவர்கள் தென்கரையோரத்திலிருந்து தொழில் நிமித்தம் இப்பக்கம் வந்து குடியேறியவர்கள்; சஹன் வைத்து உண்ணும் வழக்கத்தை இன்னும் கைவிடாதவர்கள். கூடத்தில் பாய் விரித்து, ஒரு சஹனைச் சுற்றி நால்வராக அமர்ந்தார்கள். நாமும் அமர்ந்தோம். அந்தப் பையன் வாசலில் நின்றான். அவனை எவரும் விரட்டவில்லை. கடுஞ்சொல் எவரும் கூறவில்லை. வீட்டுப் பெரியவர் நல்ல மனத்தோடுதான் உள்ளே குரல் கொடுத்து, பெரிய பொட்டலமாகக் கட்டச் சொன்னார். "வீட்டுக்குக் கொண்டு போய் எல்லாரும் சாப்பிடுங்க தம்பி" என்றார். "சரிங்க பாய்" என்று வாங்கிக் கொண்டு அவன் போய்விட்டான். பொட்டலத்தில் இறைச்சி கூடுதலாகவே இருந்தது. நாம் பிஸ்மி சொல்லிச் சஹனில் கை வைத்தோம். நாமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்திற்குக் கஃப்பாராவாகவே இதை எழுதுகிறோம்.

சில நாள் கழித்து இதைச் சில பெரியவர்களிடம் எடுத்துச் சொன்னோம். இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று: "நம் மார்க்கத்தில் தீண்டாமை ஏது? அது மற்றவர்களுடைய நோய்." மற்றொன்று: "பையனிடம் திறமை இருக்கிறதல்லவா? திறமை உள்ளவன் தானாகவே மேலே வந்துவிடுவான். நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?" இரண்டாவது விடை கேட்பதற்கு இனிமையானது. அதனாலேயே அது ஆபத்தானது. ஆகவே அதை முதலில் எடுத்துக் கொள்வோம்.

முகம்மது அலியும் நாமும்

விளையாட்டையும் சமத்துவத்தையும் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் உடனே எழும் பெயர் முகம்மது அலி. 1964-ல் லிஸ்டனை வீழ்த்தி உலகப் பட்டம் வென்ற கையோடு இஸ்லாத்தை அறிவித்த அந்தக் கறுப்பின வீரரை நாம் நம் வீட்டுப் பிள்ளையாகவே கருதினோம். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் கண்காட்சிக் குத்துச்சண்டை நிகழ்த்தியதை இன்றும் கண் விரியச் சொல்லும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. அவருடைய இளமைக் கதையும் பலருக்குத் தெரியும். 1954-ல், லூயிவில் நகரில், பன்னிரண்டு வயதுச் சிறுவனின் புது சைக்கிள் களவு போயிற்று. திருடனை அடித்து நொறுக்குவேன் என்று அழுத சிறுவனிடம், ஜோ மார்ட்டின் என்ற காவலர், முதலில் சண்டையிடக் கற்றுக் கொள் என்று சொல்லித் தம் பயிற்சிக் கூடத்தில் சேர்த்துக் கொண்டார்.

இக்கதையைச் சொல்லும் நாம், சைக்கிளையும் சிறுவனின் கோபத்தையும் நினைவில் வைக்கிறோம். கதவைத் திறந்துவிட்ட அந்த வெள்ளைக்காரக் காவலரை மறந்துவிடுகிறோம். கூடம் ஒருவர் கையில் இருந்தது, அவர் திறந்தார், சிறுவன் உள்ளே போனான். திறமை அதற்குப் பின்னர்தான் வேலை செய்யத் தொடங்கியது.

அலி நமக்குத் தொலைவில் உள்ளவர். தொலைவில் உள்ளவரைப் பாராட்டுவதில் செலவு ஒன்றும் இல்லை. அவரைவிட அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூத்தவராக, நம் நாட்டிலேயே பிறந்து, நிறத்தின் பெயரால் அன்றிச் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு வீரரின் இளமையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பல்வாங்கர் பாலூ.

மாதம் மூன்று ரூபாய்

பாலூ 1876-ல் தார்வாரில் பிறந்தார். சமார் வகுப்பினர், அதாவது தோல் வேலை செய்வோர் என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்கள். தந்தை படைத்துறையைச் சார்ந்த பணியில் இருந்ததால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிக் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டு பாலூவும் அவருடைய தம்பி சிவராமும் ஆட்டம் பழகினார்கள்.

முதல் வேலை பார்சிகள் நடத்திய கிரிக்கெட் மன்றமொன்றில் கிடைத்தது. ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும் வேலை. இடையிடையே உறுப்பினர்கள் பயிற்சி செய்யப் பந்து வீசித் தர வேண்டும். சம்பளம் மாதம் மூன்று ரூபாய். 1892-ஐ ஒட்டி ஐரோப்பியருக்குரிய பூனா மன்றத்திற்கு மாறினார். சம்பளம் ஒரு ரூபாய் உயர்ந்தது, வேலையும் உயர்ந்தது. வலை கட்டுவது, களம் சமன் செய்வது, டென்னிஸ் ஆடுமிடத்திற்குக் கோடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேயப் படைத் தலைவர் இருந்தார். அக்காலத்தில் இந்தியாவில் ஆடிய ஐரோப்பிய மட்டையாளர்களுள் மிகச் சிறந்தவர். மற்றவர்கள் வருமுன்பே வந்து, பாலூவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி செய்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. இப்படி நாள்தோறும் மணிக்கணக்காக வீசி வீசியே, இடக்கையால் மெதுவாகச் சுழற்றும் அந்தக் கலையில் பாலூ தேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அத்தனை காலத்திலும் பூனா மன்றத்தில் அவர் கையில் மட்டையை ஒரு நாளும் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார்களுக்கு உரியது. வியர்க்க வியர்க்கப் பந்து வீசுவது ஏவலாளுக்கு உரியது. திறமை தானாக மேலே வரும் என்கிறார்களே, மட்டையே தொடாதவனுக்கு மட்டைத் திறமை எங்கிருந்து வரும்? எந்தத் திறமை வளரலாம், எது வளரக் கூடாது என்பதைக் கூட மன்றத்தின் உரிமையாளர்களே முடிவு செய்தார்கள்.

கைக்கு மாலை, வாய்க்கு மண்குவளை

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பிய அணியை எதிர்த்து ஆட விரும்பியபோதுதான் சிக்கல் எழுந்தது. பாலூவைச் சேர்க்கலாமா, கூடாதா? உள்ளூர்ப் பிராமண ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். அங்கிருந்த தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்க வேண்டும் என்றார்கள். பாலூவைப் போன்ற ஒருவரை ஒதுக்குவது அறிவீனம் என்று கிரெய்க்கே வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் சேர்த்துக் கொண்டார்கள். காரணம், வெற்றி வேண்டியிருந்தது.

களத்திற்குள் நடந்தது என்ன? பாலூ தொட்ட பந்தையே எல்லாரும் தொட்டார்கள். அதில் தீட்டு இல்லை. தேநீர் வேளை வந்ததும் தீட்டு வந்துவிட்டது! மற்றவர்களுக்கு மண்டபத்திற்குள் பீங்கான் கோப்பையில் தேநீர். பாலூவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடத் தக்க மண்குவளையில். உணவு தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவ வேண்டுமென்றால் அவரைப் போன்றே ஒதுக்கப்பட்ட ஒருவர் களத்தின் மூலைக்குத் தண்ணீர் கொண்டு வந்து ஊற்ற வேண்டும்.

விக்கெட்டுகள் விழுந்தன, வெற்றிகள் வந்தன, மண்குவளை மட்டும் மாறவில்லை. சதாராவில் நடந்த ஆட்டத்தில், அவருடைய சுழலை முறிப்பதற்காக ஆடுகளத்தை நாள்கணக்கில் உருட்டி இறுக்கி வைத்திருந்தார்கள். அங்கும் அவர் ஏழு பேரை வீழ்த்தினார். குவளை மாறத் தொடங்கியது எப்போது? நீதிபதி ரானடே என்ற பெரியவர், தாமும் பிராமணராகப் பிறந்தவர், கூட்டத்தில் எழுந்து, ஒருவரோடு சேர்ந்து ஆட முடியுமானால் அவரோடு சேர்ந்து உண்ணவும் முடிய வேண்டும் என்று தம்மவர்களுக்கு எடுத்துச் சொன்ன பிறகுதான்.

நம் பெரியவர்களுக்கு விடை இதிலேயே இருக்கிறது. திறமை, பாலூவின் கையைப் பிறருக்குத் தேவையானதாக ஆக்கியது. அவருடைய வாயையும் வயிற்றையும் தம்முடையவை போல மதிக்க வைக்கவில்லை. அதற்கு, பந்தியின் தலைமாட்டில் அமர்ந்திருந்த ஒருவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. வாசலில் நிற்பவன் எவ்வளவு திறமைசாலியானாலும் பந்தியில் தானே வந்து அமர முடியாது. "வா, உட்கார்" என்று சொல்ல வேண்டிய கடமை உள்ளே இருப்பவர்களுடையது.

அதன் பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1896-ல் பூனாவைப் பிளேக் நோய் தாக்கிய காலத்தில் பாலூ பம்பாய் சென்றார். 1906-ல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது இரண்டு இன்னிங்சிலுமாக எட்டுப் பேரை வீழ்த்தினார். அமெரிக்காவில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் வெள்ளையரின் பேஸ்பால் அணியில் இடம் பெற்றது 1947-ல்தான் என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை எடுத்தார். அந்த அணியில் முஸ்லிம் வீரர்களும் பார்சிகளும் இருந்தார்கள். எவரும் அவர் அருகில் வரவில்லை. ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1913-ல் தலைமை ஏற்ற பாய் என்பவரே, இப்பெருமை மூத்தவரான பாலூவுக்கு உரியது என்று ஒப்புக் கொண்டார். அவருடைய தம்பி விட்டல்தான் 1923-ல் தலைவரானார். அண்ணனுக்கு மறுத்ததைத் தம்பிக்குக் கொடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

"அது அவர்களுடைய நோய்"

இனி முதல் விடைக்கு வருவோம். இது பூனாவின் பழங்கதை. நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். பூனா நமக்கு அத்தனை தொலைவில் இல்லை. 1932-ல் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தபோது உருவான பூனா ஒப்பந்தத்தில் பாலூ கையொப்பமிட்டார். அதே தாளில் அம்பேத்கரின் கையொப்பத்தோடு, நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் கையொப்பமும் இருக்கிறது. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தவர் அவர். அவருக்கும் முன்னே, 1891-ல் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் இப்பகுதிப் பறையர் மக்களின் அவல நிலையை அரசுக்கு எழுதினார். பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. 1929-ல் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியதும் செங்கற்பட்டில்தான். நம் காலடி மண்ணுக்கே இந்த வழக்கு புதிதன்று.

ஆனால் நாம் முஸ்லிம்கள். நமக்கு இதில் பங்கில்லை என்கிறார்கள். பள்ளிவாசல் வரிசையில் பங்கில்லை என்பது உண்மை. தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். அதற்காக அல்லாஹ்வைப் புகழ்கிறோம். வரிசை கலைந்து வெளியே வந்த பிறகு என்ன செய்கிறோம்? முடி திருத்தும் தொழில் செய்யும் நம் சகோதரரின் குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? தோட்டத்தைத் துப்புரவு செய்ய வருபவருக்குத் தனி டம்ளரைத் தோட்டத்து மதிலின் மேல் கவிழ்த்து வைக்காத வீடுகள் எத்தனை? இப்போது காகிதக் குவளை வந்து நம் மனச்சாட்சியைக் காப்பாற்றிவிட்டது. எல்லாருக்கும் காகிதக் குவளை என்றால் குறையில்லை. வீட்டாருக்கு எவர்சில்வர், அவருக்கு மட்டும் காகிதம் என்றால், பூனாவின் மண்குவளைதான் சிங்கப்பெருமாள் கோயிலில் வேறு உருவில் வந்து நிற்கிறது.

1981-ல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. பணத்திற்காக வந்தார்கள் என்று சிலர் தூற்றினார்கள். மரியாதைக்காக வந்தார்கள் என்று நாம் மார்தட்டி மறுத்தோம். சரியாகவே மறுத்தோம். அப்படியானால் மரியாதை தேடி வந்தவர்களுக்குப் பள்ளிவாசலோடு பெண் கொடுத்தலும் கொள்ளலும், பந்தியும், உறவும் கிடைத்தனவா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

மஸ்ஜிதுந் நபவியில் ஒரு பெருநாள்

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஒரு பெருநாள் அன்று அபிசீனிய நாட்டுக் கறுப்பின மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குள்ளேயே ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். உமர் (ரலி) அவர்கள் தடுக்க முனைந்தபோது, விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அலுக்கும் வரை அந்த ஆட்டத்தைக் கண்டுகளிக்கவும் துணை நின்றார்கள். விளையாட்டுக்காரர்களை வெளியே நிறுத்தாமல், மார்க்கத்தின் நடுமுற்றத்தையே அவர்களுக்கு ஆடுகளமாகத் தந்த பெருநாள் அது. நம் பெருநாளில் நாம் செய்தது என்ன?

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் கூர்மையானது. அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துப் பேசிவிட்டார்கள். அம்மனிதர் பிலால் (ரலி) அவர்களே என்றும், கறுப்புத் தாயின் மகனே என்பதே அந்த இழிசொல் என்றும் கூறுவர். இன்னும் உம்மிடம் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறதே என்று நபியவர்கள் கண்டித்தார்கள். கண்டித்ததோடு நிற்கவில்லை. உங்களுக்குக் கீழே பணி செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுக்கக் கொடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். குலத்தைச் சுட்டிய ஒரு சொல்லுக்கு நபியவர்கள் கொடுத்த மருந்து உணவைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். இழிவு நாவில் தொடங்கினாலும், அது குடியிருக்கும் இடம் தட்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நாம் அந்தப் பையனுக்கும் நாம் உண்டதையே கொடுத்தோமே என்று ஒருவர் வாதிடலாம். கொடுத்தோம், பொட்டலமாகக் கொடுத்தோம். பூனாவிலும் பாலூவுக்கு அதே தேநீரைத்தான் ஊற்றினார்கள். தேநீரில் வேற்றுமை இல்லை. குவளையிலும் இடத்திலும்தான் வேற்றுமை. ஈகை வேறு, உடன் அமர்தல் வேறு. வாசலில் நிறுத்தி அள்ளிக் கொடுப்பதைவிட, சஹனில் தன் பங்கைச் சற்று ஒதுக்கி இடம் விடுவது கடினமானது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் சஹனை வைத்ததன் அழகே, செல்வரும் வறியவரும் ஒரே தட்டில் கை நனைக்க வேண்டும் என்பதுதான் அன்றோ?

"அவனே கூச்சப்பட்டிருப்பான், அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது" என்றும் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அழைத்துப் பார்த்து, அவன் மறுத்திருந்தால் இந்தச் சமாதானம் பொருந்தும். அழைக்காமலேயே அவனுடைய கூச்சத்தை நமக்குச் சாட்சியாக்குவது நேர்மையன்று. தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்றவர்களுக்குக் கூச்சம் வருவது இயல்பு. அதைப் போக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

எனவே நம் குடும்பங்களின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் பிள்ளைகளின் அணியில் எவரைச் சேர்த்தாலும், ஆட்டத்திற்குப் பின்னும் அவர் அணியில் இருக்கட்டும். பந்து வீச அழைத்தவரைப் பந்திக்கும் அழையுங்கள். பந்து வீசுபவருக்கு மட்டையும் கொடுங்கள்; தகுதியிருந்தால் தலைமையும் கொடுங்கள். நம் வீடுகளில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரை இன்றே எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி அடுக்குங்கள். இதற்குச் சட்டம் வேண்டாம், சங்கம் வேண்டாம், வசூல் வேண்டாம். அடுக்களையில் ஒரு தாய் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

உலகின் பல நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களை 2022-ல் மாமல்லபுரத்திற்கு வரவழைத்துச் சதுரங்க ஒலிம்பியாட் நடத்திய மாவட்டம் நம்முடையது. எத்தனையோ நிறத்தவர்கள் வந்தார்கள்; வரவேற்றோம்; பெருமைப்பட்டோம். ஏரிக்கரையிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் வந்துவிடும் காலனிப் பிள்ளைக்கு அந்த வரவேற்பு எட்டாமற் போவானேன்?

அந்தப் பையனை அதன்பின் இரயிலடியில் ஒருமுறை கண்டோம். "பிரியாணி நல்லா இருந்துச்சு பாய். அம்மாவும் சாப்பிட்டாங்க" என்று சிரித்தான். அவனுக்குக் குறை ஒன்றும் இல்லாதது போலவே பேசினான். நாம்தான் தலை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றோம். அடுத்த பெருநாளுக்கு நம் வீட்டிற்கு வர வேண்டும் என்று அவனை அழைத்திருக்கிறோம். அன்று நாம் விரிக்கும் சஹனில் நால்வருள் ஒருவனாக அவன் அமர்வான், இன்ஷா அல்லாஹ். அவன் வராவிட்டால், சென்று அழைத்து வருவோம்.